கட்டாயமில்லாத கட்டம்

வாலிநோக்கத்திலிருந்து மூக்கையூர் வரை
இருபத்தேழு இடம் என் பங்கு.
மீன் இறங்குதளத்தில் எடை எழுதும் வேலை
பதினோரு மணிக்கு முடிந்துவிடும்.
பிறகு ஸ்கூட்டி, பவர் பேங்க், தலையில் துண்டு.
உலகமே கூடி வரைகிற அந்த வரைபடத்தில்
எங்கள் கரை வெறும் மஞ்சள் பட்டையாய்க் கிடந்தது,
ஆளே குடியிராத மாதிரி.
அந்தக் கோபத்தில் தொடங்கியதுதான்.

முதல் பத்து சுலபம்.
கோபுரம் கோயில், பிறை பள்ளிவாசல்,
சிலுவைக்கு வேறு பேர் கேட்டது பட்டியல்.
எங்கள் பேச்சில் அதுவும் கோயில்தான்.
விட்டுக்கொடுத்தேன்.

பதினொன்று, ஒரு மதரஸா.
கீழே பிள்ளைகள் ஓதுவார்கள், மேல்மாடி புயல் காப்பகம்.
போன ஐப்பசியில் மூன்று ராத்திரி அங்கே படுத்தவர்களில்
பிரகாசியம்மாளும் அவள் ஆடு நான்கும் அடக்கம்.
கல்வியா, வழிபாடா, தங்குமிடமா?
கட்டடம் ஒன்றுக்கு வகை ஒன்று என்கிறது விதி.
ஆடுகளைப் பற்றி விதியில் எதுவும் இல்லை.

பதினாறு, ஐஸ் பிளான்ட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
ஞாயிறு பத்திலிருந்து ஒன்றுவரை சபை,
மற்ற நாளெல்லாம் வலைக் கிட்டங்கி.
நேரத்தோடு குறித்தேன்.
போதகர் எபனேசர் வண்டியை நிறுத்திச் சொன்னார்:
"வாடகை ரசீதுல கிட்டங்கின்னுதான் இருக்கு தங்கச்சி,
மாட்டி விட்றாத."
அழித்தேன்.
அழித்த தேதியும் மணியும் என் பேரும்
இன்னும் அங்கேயே நிற்கின்றன.

இருபத்திரண்டு.
உடைமரக் கூட்டத்துக்கு நடுவில் சுண்ணாம்படித்த மேடு,
இடுப்பளவுகூட இல்லை.
மேலே பச்சைத் துணி, காலடியில் மஞ்சள் பூசிய செங்கல்,
கிளையில் துணித் தொட்டில்கள், அறுந்த ஜெபமாலை ஒன்று,
கம்பத்தில் சோலார் விளக்கு.
கப்பல் உடைந்து ஒதுங்கிய அவுலியா என்றார் சீனி நைனா.
"உள்ள கெடக்குறது பொம்பள, கரைக்காரி"
என்றான் நம்புகுமார்.
சங்கு குளிக்கிற ரொசாரி
விரலை முத்திக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டார்.

மதம் என்று ஒரு கட்டம்.
பக்கத்திலேயே பொடி எழுத்தில்: கட்டாயமில்லை.
காலியாக விட்டேன்.

காலி இடம் கண்ணை உறுத்தும் போலிருக்கிறது.
எங்கோ உட்கார்ந்து ஒருவர் நிரப்பினார்,
இன்னொருவர் மாற்றினார்.
பதினேழு முறை, ஒரே மாதத்தில்.
இரண்டு பேருமே மூக்கையூர் பஸ் ஏறினவர்கள் இல்லை.
பதினெட்டாம் முறைக்குப் பிறகு
மடிப்புக் கலையாத சட்டையில் நாலு பேர் வந்தார்கள்,
கையில் அளக்கும் டேப்.
சாயங்காலம் இறங்குதளத்துக்கே வந்து கேட்டார்கள்,
"இதப் போட்டது நீங்கதானா? நீங்க எந்த ஆளு?"
எடை எழுதுற ஆளு என்றேன்.
சிரிக்கவில்லை அவர்கள்.

அன்றைக்கு ராத்திரி வத்தைக்காரர்களிடம் கேட்டேன்.
கம்பத்து விளக்கும் உப்புக் கம்பெனித் தண்ணித்தொட்டியும்
ஒரே நேர்க்கோட்டில் வந்தால்
பேய்ப்பாரில் அடி தட்டாமல் கரை சேரலாமாம்.
வகையை மாற்றினேன்: கடல்வழி அடையாளம்.
நிறம் வெள்ளை. உயரம் நான்கு மீட்டர்.
அந்தப் படிவத்தில் மதம் கேட்கும் கட்டமே கிடையாது.

சண்டை நின்றது.
டேப் மறுபடி வரவில்லை.
எழுதியதில் பொய்யில்லை என்று
எனக்கு நானே இரண்டு தரம் சொல்லிக்கொண்டேன்.

நேற்று ஷார்ஜாவிலிருந்து மைமூன் பேசினாள்.
"மகனுக்குத் தொட்டி கட்டுன எடத்த
இவருக்குக் காட்டலாம்னு தேடுறேன், வரமாட்டேங்குதே.
இடிச்சுட்டாங்களாடி?"

இல்லை, இருக்கிறது என்றேன்.
விளக்குன்னு தேடு.

அவள் தட்டுகிற சத்தம் கேட்டது.
"கரை முழுக்க விளக்கா வருதே.
இதுல எது?"